ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியைக் குறிப்பது? மொரீசியஸ் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாடத்தை முடிவு செய்வது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. யூகாஸ் (இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) படிவத்தில் வரும் ஒரு சின்னக் கட்டம்தான் அவர்களை நிறுத்திவிடுகிறது. எந்தக் கல்லூரி என்று அது கேட்கிறது. மாமா ஒரு பெயர் சொல்வார், லெசோன் கொடுக்கும் சார் வேறொரு பெயர் சொல்வார். "கூட்டம் குறைவான கல்லூரியாகப் பார்த்துப் போடு, சுலபமாகக் கிடைக்கும்" என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று நான்கு ஆண்டு நீங்கள் அங்கே தூங்கி எழுந்து, சாப்பிட்டு, படிக்கப் போகிறீர்கள். அதற்கு ஏற்ற இடமா என்று பாருங்கள். லண்டனில் வளர்ந்த பிள்ளை கேட்கத் தேவையே இல்லாத சில கேள்விகளை நம் தீவிலிருந்து போகும் பிள்ளை கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளில்தான் இந்தக் கட்டுரை அதிக நேரம் நிற்கும்.

கல்லூரி எதைச் செய்கிறது, பல்கலைக்கழகம் எதைச் செய்கிறது

ரெடுயியில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் நீங்கள் ஒரு புலத்தில் சேர்கிறீர்கள், அவ்வளவுதான். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைச் சேர்ந்தவராக இருப்பீர்கள்: பல்கலைக்கழகம், கல்லூரி. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 29 இளங்கலை மாணவர்களைச் சேர்க்கின்றன. ஆக்ஸ்போர்டிலும் முப்பதுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கட்டடம், சாப்பாட்டுக்கூடம், நூலகம், மாணவர் அறைகள், ஆசிரியர்கள், சொந்த நிதி எல்லாம் இருக்கும்.

பாடத்திட்டம், விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. எந்தக் கல்லூரியில் இருந்தாலும் ஒரே விரிவுரைக்குத்தான் போவீர்கள், ஒரே வினாத்தாளுக்குத்தான் பதில் எழுதுவீர்கள். கல்லூரியின் பங்கு இரண்டு. ஒன்று தங்குமிடமும் அன்றாட வாழ்வும். இன்னொன்று வாரந்தோறும் நடக்கும் சிறு வகுப்பு. ஆக்ஸ்போர்டில் அதை டுட்டோரியல் என்பார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன். ஓர் ஆசிரியர் முன் இரண்டு மூன்று மாணவர்கள் உட்கார்ந்து, அந்த வாரம் எழுதிய கட்டுரையையோ போட்ட கணக்குகளையோ பற்றிப் பேசுவார்கள். ஒளிய இடம் இல்லாத வகுப்பு அது. இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அது எல்லாக் கல்லூரியிலும் உண்டு என்பதால் கல்லூரிப் பெயரைப் பற்றிய பயம் பாதி குறைய வேண்டும்.

முதலில் பாடம், பிறகு பல்கலைக்கழகம்

இளங்கலைக்கு ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. யூகாஸ் தரும் ஐந்து இடங்களில் ஒன்றை மட்டும் இவற்றில் ஒன்றுக்குக் கொடுக்கலாம். அதனால் கல்லூரியைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். கேம்பிரிட்ஜில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் இயற்கை அறிவியல் என்ற ஒரே படிப்புக்குள் இருக்கின்றன. முதலாண்டில் பலவற்றைப் படித்துவிட்டுப் பிறகு குறுக்கிக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டில் முதல் நாளே இயற்பியல் என்றால் இயற்பியல்தான். கட்டடக்கலையும் கால்நடை மருத்துவமும் கேம்பிரிட்ஜில் உண்டு, ஆக்ஸ்போர்டில் இல்லை. அரசியலும் பொருளாதாரமும் தத்துவமும் சேர்ந்த படிப்புக்கு ஆக்ஸ்போர்டு பேர்போனது.

சட்டம் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் மூன்றாண்டுச் சட்டப் படிப்போடு, ஓராண்டு ஐரோப்பாவில் படிக்கும் நான்காண்டுப் படிப்பும் இருக்கிறது. அதில் பிரெஞ்சுச் சட்டத்தையும் எடுக்கலாம். நம் நாட்டுச் சட்டம் பிரெஞ்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் கலந்தது. சிறு வயதிலிருந்தே பிரெஞ்சு படித்த மொரீசியஸ் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு குறைவு. ஆனாலும் இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே விண்ணப்பம் போடுகிறவர்கள் உண்டு.

நம் நாட்காட்டியும் அவர்களுடைய நாட்காட்டியும்

விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி. அப்போது நமக்கு இரவு 9 மணி. அதே நாட்களில்தான் நம் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. தேர்வுகளும் தொடங்குகின்றன. ஆகவே கல்லூரி பற்றிய யோசனையைக் குளிர்கால விடுமுறையிலேயே முடித்து, ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது கையில் ஒரு பெயரோடு இருங்கள். பள்ளி ரெக்டரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கும் மதிப்பெண்களும் வர வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். பல பாடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அவற்றில் சிலவற்றுக்குப் பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். பல பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். கல்லூரிப் பெயரை மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு நுழைவுத் தேர்வுப் பதிவை மறந்தால் எல்லாம் வீண். கேம்பிரிட்ஜுக்குப் போடுகிறவர்கள் யூகாஸ் படிவத்துக்குப் பின் அந்தப் பல்கலைக்கழகத்தின் தனிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும், அதற்குச் சில நாட்கள்தான் கிடைக்கும்.

"எது சுலபம்?" என்ற கேள்வி

வீடுகளில் அதிகம் பேசப்படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கல்லூரிக்கு ஒரு பாடத்தில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிப்பதில்லை. ஓராண்டில் ஒரு பாடத்துக்கு நாலைந்து பேரைச் சேர்க்கும் கல்லூரிகளே நிறைய. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓராண்டு இரண்டு பேர் கூடுதலாக விண்ணப்பித்தாலே விகிதம் தலைகீழாக மாறிவிடும். போன ஆண்டு கூட்டம் குறைந்த கல்லூரி என்று எல்லோரும் ஒன்றைப் பார்த்தால் இந்த ஆண்டு கூட்டம் அங்கேதான் இருக்கும். போன ஆண்டின் கணக்கை வைத்து இந்த ஆண்டைக் கணிக்க முடியாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளுக்கு இடையே விண்ணப்பங்களைச் சமப்படுத்துகின்றன. ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரிக்கு அளவுக்கு மீறி நல்ல விண்ணப்பங்கள் வந்தால், நேர்காணலுக்கு முன்பே சிலரை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். நேர்காணலிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உங்களைப் பார்க்கலாம். அங்கே இடம் பெறுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தாங்கள் குறிப்பிடாத கல்லூரியில்தான் பெறுகிறார்கள். கேம்பிரிட்ஜில் பூல் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உங்களைப் பிடித்திருந்தும் தன்னிடம் இடம் இல்லாத கல்லூரி, உங்கள் கோப்பை ஜனவரியில் அந்தப் பொதுத் தொகுப்பில் வைக்கும். இடம் உள்ள மற்றக் கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஆக, கூட்டம் குறைந்த கல்லூரிக்குப் போட்டால் என்ன நடக்கும்? கூட்டம் நிறைந்த கல்லூரியிலிருந்து வலுவான விண்ணப்பங்கள் அங்கே வந்து சேரும். நீங்கள் போட்டியிடுவது பாடம் முழுவதற்கும் விண்ணப்பித்தவர்களோடு. ஒரு கல்லூரியின் வரிசையில் மட்டும் நிற்பதாக நினைக்க வேண்டாம்.

இதே காரணத்தால் பெரிய பெயர்களைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி என்றால் தமிழ் வீடுகளில் ஒரு தனி மரியாதை. ராமானுஜன் 1914-இல் அங்கே போனார், 1918-இல் அந்தக் கல்லூரியின் ஃபெல்லோ (கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினர்) ஆனார். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகரும் அதே கல்லூரியில்தான் ஆய்வு செய்தார். கணிதம் படிக்கப் போகும் ஒரு பிள்ளை அந்த வாசலில் நடக்க ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன், ஆசையும் ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் கணிதத்தில் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே விண்ணப்பம் குவியும், இடம் வேறு கல்லூரியில் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் தோற்றதாக நினைக்காத மனநிலை முதலிலேயே வேண்டும்.

நார்ரிங்டன் பட்டியல், டாம்ப்கின்ஸ் பட்டியல் என்று தேர்வு முடிவுகளை வைத்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் உண்டு. முன்னது ஆக்ஸ்போர்டுக்கு, பின்னது கேம்பிரிட்ஜுக்கு. இவற்றுக்கு ஒரு மாலை நேரத்தைக்கூடச் செலவழிக்காதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு கல்லூரிகள் மேலும் கீழும் போகும், உங்கள் பாடத்தைப் பற்றித் தனியாக அவை எதுவும் சொல்வதில்லை.

முதல் சல்லடை

எல்லாக் கல்லூரியும் எல்லாப் பாடத்தையும் நடத்துவதில்லை. உங்கள் பாடத்துக்கான பல்கலைக்கழகப் பக்கத்தில் எந்தெந்தக் கல்லூரிகள் என்று பட்டியல் இருக்கும். முதல் வேலையாக அதைப் பாருங்கள். நடத்தாத கல்லூரியின் தோட்டத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம். மருத்துவம் என்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கிலாந்தில் மருத்துவ இடங்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது, அதனால் எல்லாக் கல்லூரியிலும் அந்த இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கல்லூரிக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேம்பிரிட்ஜின் ஹியூஸ் ஹால், செயின்ட் எட்மண்ட்ஸ், உல்ஃப்சன் ஆகியவையும், ஆக்ஸ்போர்டின் ஹாரிஸ் மான்செஸ்டரும் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானவை. எச்.எஸ்.சி. முடித்து நேராகப் போகும் பிள்ளை இவற்றைத் தாண்டிப் போகலாம். சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க நினைக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம், மர்ரே எட்வர்ட்ஸ் இரண்டும் பெண்களுக்கு மட்டுமான கல்லூரிகள். மகளைத் தனியாக அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இது நிம்மதி தரும், பல மாணவிகளும் அந்தச் சூழலை விரும்புகிறார்கள். விரிவுரைகளில் எல்லோரும் கலந்துதான் இருப்பார்கள். வேறு கல்லூரிக்குப் போட்ட மாணவிக்குப் பூல் வழியாக இவற்றில் இடம் வருவதும் உண்டு. அதை வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆக்ஸ்போர்டில் இப்போது பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி இல்லை, கடைசியாக இருந்த செயின்ட் ஹில்டாஸ் 2008-இல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது.

நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: விடுமுறையில் எங்கே இருப்பேன்?

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆண்டுக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் எட்டு வாரம். மொத்தம் 24 வாரம். மீதி 28 வாரம் பருவம் அல்லாத காலம். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஒரு நீண்ட இடைவெளி, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் பிற்பகுதி வரை இன்னொன்று, அப்புறம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை கோடை.

மான்செஸ்டர் பிள்ளை பெட்டியைக் காரில் ஏற்றி அப்பாவோடு வீட்டுக்குப் போய்விடும். பிளெசான்ஸ் விமான நிலையம் லண்டனிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரப் பயணம். டிசம்பர் என்றால் டிக்கெட் விலையைச் சொல்லவே வேண்டாம். ஆண்டுக்கு மூன்று தடவை வந்து போக எத்தனை குடும்பங்களால் முடியும்?

பல கல்லூரிகள், குறிப்பாக ஆக்ஸ்போர்டில், பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லும். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த அறைகளை வாடகைக்கு விடுவார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதன் அளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் விண்ணப்பித்தால் அதே அறையில் இருக்கலாம், சில இடங்களில் வேறு அறைக்கு மாற வேண்டும், சில இடங்களில் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் மூடிவிடுவார்கள். கேம்பிரிட்ஜில் வாடகை ஒப்பந்தத்தின் நீளமே கல்லூரிக்குக் கல்லூரி வேறு.

ஆகவே கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதும்போது இவற்றைக் கேளுங்கள். டிசம்பர், ஈஸ்டர் விடுமுறைகளில் வெளிநாட்டு இளங்கலை மாணவர் கல்லூரியில் தங்கலாமா? அதற்குத் தனி வாடகை எவ்வளவு? அதே அறையா, வேறு அறையா? அந்த நாட்களில் சமையலறையைப் பயன்படுத்தலாமா? ஊருக்குப் போனால் பெட்டிகளை வைக்க இடம் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். குளிர்காலப் போர்வை, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் 23 கிலோப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் எழுதும் கல்லூரிக்கு நான் தனி மதிப்பெண் கொடுப்பேன். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வீசா சிக்கல் வந்தாலும் இதே அலுவலகங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கும்.

அறை எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். படிப்பு முழுவதற்கும் கல்லூரி தங்குமிடம் தந்தால் நிம்மதி. இடையில் ஓராண்டு வெளியே வீடு பார்க்க வேண்டும் என்றால், வாடகை வீட்டுக்கு இங்கிலாந்தில் உள்ள ஒருவரின் பொறுப்புக் கையெழுத்தைக் கேட்பார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு அங்கே அப்படி யாரும் இருப்பதில்லை.

சாப்பாடு

ராமானுஜன் டிரினிட்டியில் இருந்தபோது சைவ உணவுக்காகத் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார், போர்க்காலத்தில் காய்கறிக்கே சிரமப்பட்டார். இன்று நிலைமை அப்படி இல்லை. எந்தக் கல்லூரியின் சாப்பாட்டுக்கூடத்திலும் சைவம் கிடைக்கும். இருந்தாலும் நமக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. புரட்டாசி விரதம் முடியும் நேரத்தில்தான் முதல் பருவம் தொடங்குகிறது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்களுக்கு அது இரண்டாம் பருவத்தின் நடுவில் வரும். முட்டைகூட இல்லாத சாப்பாடு தினமும் கிடைக்குமா, அல்லது நீங்களே சமைக்க வசதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

சமையலறை என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜில் மாடிப்படிக்கு மாடிப்படி இருக்கும் சிறு சமையலறையை ஜிப் என்பார்கள். பழைய கட்டடங்களில் சில ஜிப்களில் மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும்தான் இருக்கும். பருப்பு வேகவைத்து, ரசம் வைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் அடுப்பு வேண்டும். புதிய கட்டடங்கள் அதிகம் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலும் இது பரவாயில்லை. "முதலாண்டு மாணவர் தளத்தில் அடுப்பு உண்டா, எத்தனை பேருக்கு ஒன்று?" என்று நேராகக் கேளுங்கள். சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான தொகை உண்டா என்பதையும் கேளுங்கள். சில கல்லூரிகளில் உண்டு. தானே சமைக்கும் பிள்ளைக்கு அது இரட்டைச் செலவு.

கோவிலைப் பொறுத்தவரை கல்லூரித் தேர்வில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு ஊர்களிலிருந்தும் லண்டனுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஹைகேட் முருகன் கோவிலும் ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலும் அங்கே இருக்கின்றன. பழைய கல்லூரிகளில் தேவாலயம் இருக்கும், யாரையும் அங்கே போகச் சொல்லி வற்புறுத்துவதில்லை. மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக அளவில் இயங்குவதால், நம்மவர்களைச் சந்திக்க வேண்டும் என்பதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அவசியம் இல்லை.

பணம்

மொரீசியஸ் குடிமக்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டும், அது பெரிய தொகை. இங்கே இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் கல்லூரியின் பங்கும் படிப்புக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு மாணவர் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணத்தையும் தனியாகக் கட்ட வேண்டும். அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பவுண்டு அளவில் இருக்கும். பாடத்தின் கட்டணத்தை மட்டும் பார்த்து "கேம்பிரிட்ஜ் மலிவு" என்று முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

வாடகையும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. புத்தகம், பயணம், அவசரத் தேவை ஆகியவற்றுக்குக் கல்லூரிகள் தரும் உதவித்தொகையும் வேறு. பழைய, நிலபுலம் நிறைந்த கல்லூரிகள் பொதுவாக இதில் தாராளம். வெளிநாட்டு மாணவர்களும் அந்த உதவியைக் கேட்கலாமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், சிலவற்றை உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். படிப்பு முடியும் வரை பணம் கட்ட முடியும் என்பதற்கான சான்றையும் கல்லூரி கேட்கும்.

லோரியா (எச்.எஸ்.சி. முடிவை வைத்து அரசு ஸ்காலர்ஷிப் பெறுகிறவர்) ஆகும் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அரசு ஸ்காலர்ஷிப் எந்தெந்தச் செலவை ஏற்கும், எவ்வளவு வரை ஏற்கும் என்பதை எழுத்தில் பாருங்கள். கேம்பிரிட்ஜின் தனிக் கல்லூரிக் கட்டணம் அதில் வருமா என்று குறிப்பாகக் கேளுங்கள். லோரியா ஆகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அக்டோபருக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேசுவதற்குக் கஷ்டமான விஷயம்தான். இடம் கிடைத்த பிறகு பேசுவது அதைவிடக் கஷ்டம்.

தூரமும் அளவும்

வரைபடத்தைத் திறந்து, உங்கள் பாடத்தின் துறைக்கும் கல்லூரிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அமைதியும் இடமும் நிறைய, ஆனால் ஜனவரிக் காற்றில் சைக்கிள் மிதிக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு முன் கியூர்பிப் குளிரெல்லாம் வசந்தம். சர்ச்சில் கல்லூரி ஊருக்குக் கொஞ்சம் வெளியே இருந்தாலும் கணித மையத்துக்கும் மேற்குப் பக்க அறிவியல் வளாகத்துக்கும் பக்கம். அறிவியல், பொறியியல் மாணவர்களே அங்கே பெரும்பான்மை. ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஹியூஸும் லேடி மார்கரெட் ஹாலும் வடக்கே, செயின்ட் ஹில்டாஸ் மாக்டலன் பாலத்துக்கு அப்பால் கிழக்கே. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் சிறிய ஊர்கள்தான், நடந்தும் சைக்கிளிலும் சமாளிக்கலாம். கால் வலி, ஆஸ்துமா போன்ற சிரமம் உள்ள பிள்ளைகள் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, வசதியான அறையை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

சிறிய கல்லூரியில் எல்லோர் முகமும் சீக்கிரம் பழகிவிடும். பெரிய கல்லூரியில் உங்களைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். வெட்கப்படும் பிள்ளைக்குச் சிறியதுதான் நல்லது என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் ஒதுங்கி இருப்பது சில பிள்ளைகளுக்கு இன்னும் கடினம்.

இங்கிருந்தே எப்படிப் பார்ப்பது

கல்லூரியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் திறந்த நாட்களுக்கு (ஓப்பன் டே) விமானம் ஏறிப் போக வேண்டியதில்லை. கல்லூரி இணையப் பக்கங்களில் காணொளியும் அறைப் படங்களும் இருக்கும். பல கல்லூரிகளில் மாணவர்களே எழுதிய மாற்றுக் கையேடு ஒன்று கிடைக்கும். அதிகாரப்பூர்வக் கையேட்டைவிட அதில் வாடகை, சாப்பாடு, துணி துவைக்கும் இயந்திரம் பற்றி உண்மையான தகவல் இருக்கும். உங்கள் பள்ளியிலிருந்து முன்பு போனவர் யாராவது இருந்தால் ரெக்டர் வழியாகக் கேளுங்கள். "கல்லூரி எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "போன ஈஸ்டருக்கு எங்கே தங்கினீர்கள், அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

என் ஆலோசனை இது. பாடப் பட்டியலை வைத்து வடிகட்டிய பிறகு ஒரு வார இறுதியில் எட்டுப் பத்துக் கல்லூரிகளைப் பாருங்கள். விடுமுறை, சமையல், செலவு மூன்றையும் வைத்து மூன்றாகக் குறையுங்கள். அந்த மூன்றுக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வந்த பின் ஒரு நாள் மாலையில் முடிவு செய்துவிடுங்கள். அதற்கு மேல் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பாட வாசிப்பிலிருந்தும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியிலிருந்தும் திருடியது. இடம் வாங்கித் தருவது அவைதான்.

எதையும் குறிப்பிடாமல் விடலாமா?

விடலாம். யூகாஸில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு வளாகக் குறியீடு கேட்கும். கல்லூரியைக் குறிப்பிட விரும்பாதவர்கள் பொது விண்ணப்பத்துக்கான குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பல்கலைக்கழகமே உங்களை ஒரு கல்லூரியில் சேர்க்கும். இதனால் வாய்ப்பு குறைவதில்லை. ஆனால் ஒதுக்கிய பிறகு அந்தக் கல்லூரி வேண்டாம் என்று மாற்ற முடியாது.

யாருக்கு இது பொருந்தும்? எங்கே போட்டாலும் மகிழ்ச்சியாகப் போவேன் என்று உண்மையிலேயே சொல்லக்கூடிய பிள்ளைக்கு. விடுமுறைத் தங்கலோ சாப்பாடோ செலவோ உங்களுக்கு முக்கியம் என்றால் ஒரு பெயரைக் குறிப்பதே மேல். வேறிடத்துக்கு மாற்றப்படலாம்தான். மாற்றப்படாவிட்டால் கேட்டது கிடைக்கும்.

விண்ணப்பத்துக்குப் பிறகு

எச்.எஸ்.சி. தாள்கள் நவம்பரில் முடியும், நேர்காணல் டிசம்பரில் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் இணையவழிதான். அக்டோபர் கடைசியில் இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போய்விடும், ஆகவே டிசம்பரில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 1 மணி, அங்கே மாலை 5 என்றால் இங்கே இரவு 9. ஆக்ஸ்போர்டு நேர்காணல் என்றால் அந்த நாட்களில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பெயரே பார்க்காத இன்னொரு கல்லூரி திடீரென்று அழைக்கலாம். அது நல்ல அறிகுறியும் இல்லை, கெட்ட அறிகுறியும் இல்லை. புயல் பருவம் தொடங்கியிருக்கும், மின்சாரம் போனாலும் சமாளிக்க முழு சார்ஜோடு ஒரு போனும் மொபைல் டேட்டாவும் தயாராக வையுங்கள். இணைப்பு அறுந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்ற எண்ணையும் எழுதி வையுங்கள்.

முடிவு ஜனவரியில் வரும். கடிதத்தில் வேறு கல்லூரியின் பெயர் இருந்தால், முன்பு அனுப்பிய அதே மின்னஞ்சலை அந்தக் கல்லூரிக்கு அன்றைக்கே அனுப்புங்கள்: விடுமுறை, அடுப்பு, கட்டணம், பெட்டி. கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் ஸ்டெப் என்ற தனிக் கணிதத் தேர்வையும் நிபந்தனையாக வைப்பார்கள். அது ஜூனில் வருவதால் எச்.எஸ்.சி. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. எச்.எஸ்.சி. முடிவு வந்ததும் சான்றுகளைக் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். யூகாஸில் உறுதி செய்யும் கடைசி நாளைக் குறித்து வையுங்கள். நிதிச் சான்றுக்கான தாள்களை வங்கியிலிருந்து இப்போதே கேட்கத் தொடங்குங்கள். கோடையில் அறை விருப்பப் படிவம் வரும்போது, டிசம்பரிலும் கல்லூரியிலேயே தங்குவேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அறை ஒதுக்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள்.